இருபத்திரண்டு பெயர்கள், இருபத்துநான்கு மீன்கள்

1

போன வாரம் கடைவாய்ப் பல் பிடுங்கப் போன இடத்தில், சுவரில் என் பெருவிரலைப் பார்த்தேன்.

விரல் என்றால் விரலின் அச்சு. ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு கடல் படம். அதற்குள் நீல மையில் பிள்ளைகளின் பெருவிரல் அச்சுகள் மீன் மீனாக ஓடுகின்றன. வலது பக்கம் கீழ் மூலையில் இருக்கிற கடைசி மீன் என்னுடையது. அந்தப் படம் ஏலத்தில் ஒரு பல் வைத்தியருக்குப் போனது எனக்குத் தெரியும். அதே வைத்தியரிடம்தான் என் மகள் என்னை அனுப்புகிறாள் என்பது தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

தூத்துக்குடியை விட்டு இந்தப் பெர்த் நகரத்துக்கு நான் வந்து இந்த மாதத்தோடு ஒன்பது வருஷம். ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லாரும், ஆஸ்திரேலியாவில் உனக்குப் பொழுது எப்படிப் போகிறது என்றுதான் கேட்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்தப் படத்தின் கதையையே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல ஜெனி கணினியில் அடிக்கிறாள். ஜெனிதான் என் மகள். அவளைப் பற்றி நான் சொல்வது எதையும் மாற்றக்கூடாது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டோம்.

2

ஜெனிக்கு இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர் வேலை. இரண்டாம் வகுப்பு. மருமகனுக்கு வடக்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை, இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு தடவை கேட்டேன். அப்புறம் கேட்கவில்லை.

எனக்குச் சமையல் உண்டு, செடிக்குத் தண்ணீர் விடுவது உண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை உண்டு. சனிக்கிழமை மீன் வாங்கத் துறைமுகம் வரைக்கும் போவோம். இங்கே மீன் கடைக்காரன் தலையை வெட்டித் தொட்டியில் எறிந்துவிட்டு உடம்பை மட்டும் பொதிந்து தருவான். தலையும் வேண்டும் என்று கையைக் காட்டினால், வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்கிறான். ஆமாம் என்று சொல்லச் சொல்லி ஜெனி பழக்கியிருக்கிறாள். தலையைச் சும்மாவே தந்துவிடுகிறான். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஊரில் விளமீன் தலைக்கு எத்தனை பேர் அடிபிடி போடுவார்கள்.

அந்தப் பள்ளியில் வருஷத்துக்கு ஒரு முறை ஏலம் வைக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பொருள் செய்ய வேண்டும். ஒரு வகுப்பு துணியை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கும். இன்னொரு வகுப்பு முக்காலிக்கு வர்ணம் அடிக்கும். ஒரு பிள்ளையின் கைகூட அதில் படாமல் இருக்கக்கூடாது என்பது சட்டம். பெற்றவர்களும் கடைக்காரர்களும் வந்து ஏலம் கேட்பார்கள். வருகிற பணம் பள்ளிக்கு. இந்த வருஷம் விளையாட்டுத் திடலுக்கு நிழற்பந்தல் போட.

ஜெனி அந்தப் பள்ளியில் புதிது. ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுத்திருந்தார்கள், பார்த்துவிட்டு மேற்கொண்டு வைத்துக்கொள்வதாகப் பேச்சு. ஏலத்துக்கு அவள் வகுப்பு செய்கிற பொருள்தான் எல்லார் கண்ணிலும் படப்போகிற முதல் காரியம். மை வைக்கும் நாளில் பிள்ளைகளின் கை துடைக்க ஓர் ஆள் வேண்டும் என்றாள். வேலைக்குப் போகிற தாய்மார் யாருக்கும் ஒழியவில்லை. நான் வருகிறேன் என்றேன்.

இங்கே பள்ளிக்கூடத்துக்குள் கை துடைக்கப் போவதற்கும் அட்டை வாங்க வேண்டும். போலீசில் என் பேரில் வழக்கு இல்லை, பிள்ளைகளுக்கு என்னால் கேடு வராது என்று அரசாங்கம் தருகிற அட்டை. விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதற்குள் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தது. நான் ம. பிலோமினா என்று போட்டேன். ‘னா’ கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பத்து நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது, கையெழுத்து கட்டத்துக்குள் இல்லை என்று.

“சின்னதாப் போடும்மா, இல்லன்னா பாதியப் போடு, போதும்” என்றாள் ஜெனி.

“பாதி பேரு எவளுது?” என்றேன்.

ஆனாலும் இரண்டாம் தடவை நுணுக்கிப் போட்டேன். முழுப் பெயர்தான். அட்டை வந்தது.

3

கையெழுத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது.

நான் கருவாட்டுக் கொட்டகையில் வேலை பார்த்தவள். முப்பது வருஷத்துக்கு மேல் மீனைக் கீறி உப்பு வைத்த கை இது. வீட்டுக்காரர் தோணியில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் போகிறவர். அவர் கடலில் இருக்கும்போது கரையில் வருகிற தாள் எல்லாம் என் தலையில்தான் விழும். மழைக்கால நிவாரணப் பணம் வாங்க ஓர் அலுவலகத்தில் வரிசையாக நிற்போம். மேசையில் இருக்கிறவர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். விரலைப் பிடித்து இழுத்து மையில் அமுக்கி, தாளில் உருட்டிவிட்டு, “அடுத்த கைநாட்டு வா” என்பார். பெயர் சொல்லிக் கூப்பிடுவது கையெழுத்துப் போடத் தெரிந்தவளைத்தான்.

மையைத் துடைக்கத் துணி கிடையாது. எல்லாப் பெண்களும் வெளியே வந்து சுவரில்தான் விரலைத் தேய்ப்போம். அந்தச் சுவர் ஓர் ஆள் உயரத்துக்கு ஊதா ஊதாவாக இருக்கும். ஒருநாள் நான் சுவரில் தேய்த்துக்கொண்டு நிற்கையில், பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் தம் கூட்டாளியிடம், “நம்ம தோணிக்காரன் பொண்டாட்டி கைநாட்டுதானா” என்று கேட்டது காதில் விழுந்தது. கேலியாகக்கூடச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது ஜெனி இரண்டாம் வகுப்பு. அவளைச் சிலேட்டில் என் பெயரை எழுதித் தரச் சொன்னேன். அவள் எழுதினதன் மேலேயே விரலால் ஓட்டி ஓட்டிப் பழகினேன். ‘லோ’வில் கொம்பு எந்தப் பக்கம் என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. டீச்சர் மாதிரியே அதட்டுவாள். அடுத்த மழைக்குப் பணம் வாங்கப் போனபோது, மேசைக்காரர் என் விரலைப் பிடிக்க வந்தார். பேனாவைக் கேட்டேன். வரிசை முழுக்க நின்று பார்த்தது. அன்றைக்குச் சொன்னேன், இனி இந்த விரலில் மை படாது என்று.

விசாவுக்குச் சென்னையில் பத்து விரலையும் கேட்டார்கள். எல்லாருக்கும்தான் எடுக்கிறோம் என்று அந்தப் பையன் பதவிசாகச் சொன்னான். அது கண்ணாடி, மை இல்லை, அதனால் கணக்கில் சேராது என்று என் மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் எந்திரம் என் விரலை எடுக்கவில்லை. உப்பில் ரேகை தேய்ந்திருந்தது. துடைத்துத் துடைத்து நாலு தரம் வைத்தபிறகு, இவ்வளவுதான் வரும் என்று விட்டுவிட்டார்கள்.

4

புதன்கிழமை வகுப்புக்குப் போனேன். இருபத்து மூன்று பிள்ளைகள். நாலு மேசையைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் பெரிய துணிப்படம். பிள்ளைகளே முந்தின வாரம் கடலுக்கு வெளிர்நீலம் பூசியிருந்தார்கள். மைப்பெட்டி இருந்தது. மீனுக்குக் கண்ணும் வாலும் போடக் கறுப்புப் பேனாக்கள் இருந்தன, எழுதினால் அழியாத பேனா. ஒவ்வொரு பிள்ளையும் பெருவிரலை மையில் தொட்டுக் கடலில் ஒற்ற வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் ஜெனி, மீன் படம் என்றுதான் சொல்லியிருந்தாள்.

ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டது. இரண்டு அறைக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு. அங்கிருந்த டீச்சர் ஒண்டியாகத் திண்டாடுவதைப் பார்த்து, ஜெனி, “ஒரு நிமிசம் பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனாள்.

முன்னால் நின்ற பிள்ளை விரலை மையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. எனக்குக் கடல் தெரியவில்லை. அந்த ஊதாச் சுவர்தான் தெரிந்தது. இவ்வளவு நல்ல பள்ளிக்கூடத்தில், சட்டையில் பெயர் தைத்து வருகிற பிள்ளைகளைக் கைநாட்டு வைக்கச் சொல்லி, அதையும் ஊரார் முன்னால் ஏலம் போடுவார்களா? அதையும் என் மகளே செய்வாளா?

அந்தப் பிள்ளையின் விரலைத் துடைத்தேன். கறுப்புப் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம். விரலைக் காட்டி நோ என்றேன். கடலைக் காட்டி நேம் என்றேன். பிள்ளைகள் பெரியவர்கள் சொன்னால் கேட்கிறவர்கள். ஆளுக்கொரு பேனாவை எடுத்துத் தன் தன் பெயரைக் கடலில் எழுதினார்கள். கோணலும் மாணலுமாக, சிலது பெரிசு, சிலது சின்னது. எனக்கு மனசு நிறைந்து இருந்தது. எழுதி முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தலையில் கை வைத்தேன்.

ஒரு பெண்பிள்ளை மட்டும் எழுதவில்லை. ஜாரா என்று பெயர். நாலு மாதத்துக்கு முன்னால்தான் தாய் தகப்பனோடு அகதியாக இந்த நாட்டுக்கு வந்தது. வெட்கப்படுகிறது என்று நினைத்து, பேனாவை அதன் கையில் வைத்து விரலை மடக்கினேன். நேம், நேம் என்றேன். மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அது பேனாவைக் கீழே போட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஜெனி வந்து பார்த்தாள். முதலில் படத்தைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். பிள்ளைகளிடம் சிரித்தே பேசி, படத்தை எடுத்து ஓரமாகச் சாய்த்துவைத்தாள். அன்றைக்கு யாரும் விரல் வைக்கவில்லை.

5

வீடு வந்து சேரும்வரை படம் காரின் பின்பக்க இருக்கையில் கிடந்தது. வீட்டுக்குள் வந்து பையை வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“என்னம்மா செஞ்சு வச்சிருக்க? வெள்ளிக்கெழம ஏலம். இந்த மை அழியாது. வேற துணிக்கு நேரங் கெடையாது.”

“எழுதத் தெரிஞ்ச பிள்ளைகள எதுக்குளா கைநாட்டு வைக்கச் சொல்லுத?”

“அது கைநாட்டு இல்ல. மீனு.”

“மீன் வரையத் தெரியாதா அதுகளுக்கு? நீ படிச்சவ. ஒன் அம்மை விரல்ல மை காயாம மீன் கீறுனவ. ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றாள். “ஒனக்குப் பேரெழுதிக் குடுத்தது நாந்தான.”

அப்புறம் சத்தத்தை இறக்கிச் சொன்னாள்.

“ஜாராவுக்கு எந்த எழுத்தும் தெரியாதும்மா. அவ ஊர்ல பள்ளிக்கூடமே போகல. பேரெழுத வேண்டாம், விரல வச்சா போதும்னுதான் நான் மீன எடுத்தேன். எல்லாப் பிள்ளையும் ஒண்ணு போல வைக்கும்னு. ஒன்னய மேசை முன்னால நிக்க வச்சாங்கள்லா, அதே மாதிரி அவள நிக்க வச்சுட்டு வந்திருக்க.”

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அரிசி களைந்தேன். மகள் எதிரில் நான் அழுவது இல்லை. அந்த மேசைக்காரருக்கு என்ன வயது இருந்திருக்கும், என்னை அவர் எதற்காகப் பார்க்காமல் இருந்தார் என்றெல்லாம் அன்றைக்குத்தான் யோசித்தேன். அவரும் தாம் சரியாகத்தான் வேலை பார்ப்பதாக நினைத்திருப்பார்.

சோறு போடும்போது ஜெனி படத்தைச் சுவரோரம் சாய்த்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு பெயர்களும் கடல் மேலே மிதந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் மேல் பாதியில்தான் எழுதியிருந்தார்கள். கீழ்ப் பாதி வெறும் நீலம்.

தட்டை நீட்டிக்கொண்டே சொன்னேன்: “பேரு வள்ளத்துலதான எழுதுவாங்க.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை வாங்காமலே எழுந்துபோய்ப் பென்சில் எடுத்து வந்தாள். ஒரு பெயருக்கு அடியில், படகின் அடிப்பாகம் போல வளைவாக ஒரு கோடு இழுத்தாள். பெயர் வள்ளமாகிவிட்டது. நம் கரையில் வரிசையாக ஏற்றி வைத்த வள்ளங்களில் அந்தோணியார் பெயரும் ஆரோக்கிய மாதா பெயரும் இருக்கிற மாதிரி, அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு வள்ளத்தில் ஏறிக்கொண்டன.

“சோறு ஆறுது” என்றேன்.

“ஆறட்டும்” என்றாள்.

6

மறுநாளும் வரட்டுமா என்று கேட்டேன். ஜெனி யோசித்துத்தான் சரி என்றாள்.

அன்றைக்குப் பிள்ளைகள் தங்கள் வள்ளத்துக்கு அடியில், கீழ்க் கடலில், பெருவிரலை வைத்தார்கள். எனக்குச் சொன்ன வேலையை மட்டும் பார்த்தேன். ஈரத்துணியால் விரல் துடைத்தேன். சின்ன விரல்களில் ரேகை எவ்வளவு தெளிவாக விழுகிறது. செதிள் வைத்த மாதிரி. அதில் கண் ஒன்று, வால் ஒன்று போட்டால் மீன் உயிரோடு நிற்கிறது. அது கைநாட்டு இல்லை என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. கைநாட்டுதான். ஆனால் அங்கே யாரும் யாரையும் அடுத்த கைநாட்டே என்று கூப்பிடவில்லை.

ஜாராவின் முறை வந்தது. அது என்னைப் பார்த்ததும் மறுபடியும் மேசைக்கு அடியில் போய்விட்டது. ஜெனி கூப்பிட்டாள், வரவில்லை.

எனக்கு முட்டி மடங்காது. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தேன். மைப்பெட்டியை எடுத்துத் தரச் சொன்னேன். இனி மை படாது என்று நான் அன்றைக்குச் சொன்னது ஜெனிக்குத் தெரியும், அதனால் அவள் உடனே தரவில்லை. “வேண்டாம்மா” என்று தமிழில் சொன்னாள்.

“குடுளா” என்றேன்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் மையில் விரலை அமுக்கினேன். அதே குளிர்ச்சி. ஜாராவுக்குத் தெரிகிற மாதிரி விரலைத் தூக்கிப் பிடித்தேன். படத்தின் ஒரு மூலையைத் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லி, நானே வைத்தேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் வெறும் நீலத் திட்டு. ஒரு வரிகூட இல்லை.

சுற்றி நின்ற பிள்ளைகள் ஜெனியிடம் ஏதோ கேட்டார்கள். அந்த மீனுக்கு ஏன் செதிள் இல்லை என்று கேட்கிறார்கள் என்றாள்.

“கெளுத்தின்னு சொல்லு. கெளுத்திக்குச் செதிள் கெடையாது.”

அவள் சொன்னாள். பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். ஜாரா மேசைக்கு அடியிலிருந்து கழுத்தை நீட்டி என் விரலைப் பார்த்தது, அப்புறம் தன் விரலைப் பார்த்தது. என் விரலில் இருந்த மையைத் தொட்டுப் பார்த்தது. மைப்பெட்டியைத் தானே இழுத்துப் பெருவிரலை அமுக்கி, என் மீனை இடிக்கிற மாதிரி பக்கத்திலேயே வைத்தது. இரண்டு தரம் வைக்கப் பார்த்தது, ஜெனி ஒன்றுதான் என்றாள். கண்ணை அதுவே போட்டது. என் மீனுக்கும் அதுவே போட்டது, கொஞ்சம் பெரிசாக.

உனக்கும் ஒரு வள்ளம் வரையவா என்று ஜெனி அதனிடம் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டியது. நானும் வேண்டாம் என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

7

நம் ஊர் ஏலத்தில் கத்தல் இருக்கும். கரையில் மீனைக் குவித்தால் போதும், கேட்கிறவன் குரல் கோயில் மணியை அமுக்கிவிடும். திருவிழாவில் காணிக்கைக் கோழியை ஏலம் எடுத்தவரே அதைத் திரும்பக் கோயிலுக்குக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார், ஒரே கோழி மூன்று தரம் விலைபோகும். இங்கே ஏலத்தில் சத்தமே இல்லை. ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் ஒரு தாளும் பேனாவும். வேண்டுகிறவர் பெயரையும் விலையையும் எழுதிவிட்டுப் பேசாமல் போகிறார். அடுத்தவர் அதற்குக் கீழே கூட்டி எழுதுகிறார். சாவு விழுந்த துட்டி வீட்டில் கையெழுத்து வாங்குகிற மாதிரி இருந்தது.

போர்வைக்குத் தாள் நிறைந்துவிட்டது. முக்காலிக்கும் நாலைந்து பெயர். எங்கள் படத்துத் தாள் வெறுமையாகக் கிடந்தது. பார்க்கிறார்கள், தங்கள் பிள்ளையின் வள்ளத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். எங்கே மாட்டுவது, அவ்வளவு நீளம். தலைமை டீச்சர் இரண்டு தரம் அந்தப் பக்கமாக நடந்தார். ஜெனி தூரத்தில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டே, கண்ணை மட்டும் தாளில் வைத்திருந்தாள்.

எனக்குப் பேனாவை எடுத்துவிடக் கை துறுதுறுத்தது. என் பெயரை எழுதத் தெரியும், ஒரு விலை எழுதவும் தெரியும். ஆனால் தன் வலையில் பட்ட மீனைத் தன் வீட்டார் ஏலம் கேட்கக்கூடாது. அது கரையில் எல்லாருக்கும் தெரிந்த முறை. கேட்டால் அந்த மீனுக்கே மரியாதை போய்விடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அப்போது ஜாரா தன் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பேனா இருக்கிற மேசைக்கு ஓரடி தள்ளியே நின்றாள். அந்த ஓரடி எனக்குத் தெரியும். ஜாரா படத்தில் தன் மீனில் பெருவிரலை வைத்துக் காட்டியது. அப்புறம் என் மீனைத் தொட்டு, திரும்பி என்னைக் காட்டியது. அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினாள். நானும் தாழ்த்தினேன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேச ஒரு வார்த்தை கிடையாது.

பக்கத்தில் ஓர் உயரமான மனிதர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஜெனியைக் கூப்பிட்டு, இருபத்திரண்டு வள்ளம் இருக்கிறது, மீன் இருபத்துநான்கு இருக்கிறதே, இந்தக் கடைசி இரண்டும் யார் என்று கேட்டாராம். ஒன்று ஜாரா, இன்னொன்று என் அம்மா என்றாளாம். அவர் குனிந்து தாளில் எழுதினார். அவர் எழுதினபிறகு இன்னும் மூன்று பேர் வந்து எழுதினார்கள். அவர் மறுபடி வந்து எல்லாரையும்விடக் கூட்டி எழுதினார். அவர்தான் பல் வைத்தியர்.

ஜெனிக்கு அடுத்த வருஷத்துக்கும் வேலை கொடுத்தார்கள். படத்தினால் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் நல்ல டீச்சர். எனக்கே தெரியும்.

8

பல் பிடுங்கி, அரைவாய் மரத்துப்போய் வெளியே வந்தேன். முன்னறையில் ஒரு சின்னப் பையன் படத்துக்கு முன்னால் நின்று வள்ளங்களின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். கீழ் மூலைக்கு வந்ததும் தகப்பனிடம் என்னவோ கேட்டான். தகப்பன் எட்டிப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். எனக்குச் சொல்ல ஆசைதான். வாய் வரவில்லை.

மேசையில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். சிகிச்சை முடிந்தது, மருந்து வாங்கிக்கொண்டேன் என்பதற்கு. பேனாவைக் கொடுத்து, சும்மா ஒரு கிறுக்கல் போதும் என்று கையைச் சுழற்றிக் காட்டினாள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

கைப்பையைக் கீழே வைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். ம. பிலோமினா. ‘லோ’வுக்குக் கொம்பு சரியான பக்கம். ‘னா’ கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.